லிட்டருக்கு ஒன்பது

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு வேண்டாம். காத்து மூஞ்சில அடிச்சாலே ரெண்டு நாளா ஆக மாட்டேங்குது. பழனி வரைக்கும் இந்த ஓரத்துலயே நான் இருந்துக்கிடுதேன். நீங்க எங்க, ஒட்டன்சத்திரமா? சரி சரி.

கேக்குதா, இந்த டிரைவர் என்ன பண்ணுதான்னு? ரோடு பாய் விரிச்ச மாதிரி கெடக்கு, இவன் மூணாவது கியர்ல வச்சு உறுமிக்கிட்டே வாரான். நாலாவது போட்டா கை தேஞ்சா போயிரும்? இப்படி ஓட்டுனா டீசல் சும்மா தண்ணியாப் போகும். நான் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்தாலும் சத்தத்த வச்சே சொல்லிருவேன், இந்த வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் குடுக்கும்னு. இருபத்தோரு வருசமா அதுதான தொழிலு.

அந்தப் பேப்பரக் கொஞ்சம் மடிச்சு வைக்கீங்களா? இல்ல, படிங்க, படிங்க. நான் ஒரு கிறுக்கன். நாலாம் பக்கத்துல கீழ ஒரு செய்தி இருக்கும். "புதிய படகில் சென்ற மீனவர் இருவர் மாயம்." தோமையார்துறை. சிலுவைதாசன், வயசு முப்பத்தாறு. அவரு மச்சினன் ரெமிஜியஸ், இருபத்து மூணு. திங்கக்கெழம விடியக்காலம் போனவக. சாயங்காலம் திரும்பியிருக்கணும். இன்னைக்கு புதன். காலையில இருந்து மூணு கடையில மூணு பேப்பர் வாங்கிப் பாத்துட்டேன். எல்லாத்துலயும் "இயந்திரக் கோளாறாக இருக்கலாம்"னு போட்டிருக்கான். எனக்கு ஆத்திரமா வருது தம்பி. எந்த இயந்திரம், எந்தக் கோளாறு? படகு செய்யிற யார்டுல அத ஓட விட்டப்ப பக்கத்துல நின்னு கேட்டவன் நானு. மணிக்கு நாலு லிட்டர் குடிக்கும், கூடவும் குடிக்காது, குறையவும் குடிக்காது. பச்சப்புள்ள மூச்சு விடுற மாதிரி ஓடுச்சு. அந்த எஞ்சினுக்கு ஒரு கோளாறும் இல்ல.

எனக்கு எப்படித் தெரியும்னா, அந்த வள்ளத்தக் கொண்டு போய் அவுக கரையில எறக்குனதே நான்தானே.

என் பேரு பெத்துராஜ். சொந்த ஊரு விளாத்திகுளம் பக்கம். கடலுக்கும் எங்க ஆளுகளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, கம்பும் மொளகாயும் போட்டுப் பொழைச்சவக. நான் வண்டி ஓட்டப் போய் தொண்டிக்கு வடக்க ஒரு ஃபைபர் படகு யார்டுல மாட்டுனேன். கபிரியேல் முதலாளி யார்டு. அங்க வள்ளம் செஞ்சு, எஞ்சின் மாட்டி, டிரெய்லர்ல ஏத்தி, பிக்கப் வண்டியில கட்டி இழுத்துக்கிட்டுப் போயி எந்த ஊர்க்காரன் வாங்குனானோ அந்த ஊர்க் கரையில எறக்கிவிடணும். அதுதான் என் வேல.

பிக்கப் வண்டியில சரக்கு ஏத்துறது வேற தம்பி, பின்னால இழுக்கறது வேற. சரக்கு வண்டியோட சேந்து வரும். இழுக்குறது ஒவ்வொரு மேட்டுலயும் ஒவ்வொரு வளைவுலயும் பின்னால இருந்து சட்டையப் புடிச்சு இழுக்கும். அதுலயும் வள்ளம் இருக்கே, அது வயித்தத் தெறந்து வச்சுக்கிட்டு வரும், காத்து உள்ள பூந்து உக்காந்துக்கிடும். மத்த டிரைவருக்கெல்லாம் லிட்டருக்கு ஆறு கிடைக்கும். கெட்டிக்காரன்னா ஏழு. எனக்கு ஒன்பது.

நம்ப மாட்டீங்க. யாரும் நம்பல. முதலாளியே நம்பாம பக்கத்து சீட்டுல உக்காந்து வந்து பாத்தாரு. ஒன்பது. என்ன வித்தைன்னு கேட்டாரு. வித்தையெல்லாம் ஒண்ணும் இல்ல. கருக்கல்லயே கெளம்பிரணும், காத்து முழிக்கதுக்கு முன்னாடி. நாப்பதத் தாண்டக்கூடாது. தார்ப்பாய முட்டுக் குடுத்து வள்ளத்து மேல கூரை மாதிரி இழுத்துக் கட்டணும். டயர்ல காத்து கிண்ணுன்னு இருக்கணும். முன்னால ஒரு பெரிய லாரி போச்சுன்னா அதுக்கு அளவான தூரத்துல ஒட்டிக்கிடணும், காத்த அவன் கிழிச்சுக் குடுப்பான். பிரேக்க மிதிக்கதுக்கு முன்னாடியே பிரேக் தேவைப்படாத மாதிரி ஓட்டணும். என் வீட்டுக்காரி சொல்லுவா, "ஒங்க கால் கட்டை விரலுக்கு இருக்க அறிவுல பாதி தலைக்கு இருந்தா நாம எங்கயோ போயிருப்போம்"னு. வெளையாட்டுக்குத்தான்.

முதலாளி என்ன பண்ணுனாரு, ஒன்பதையே கணக்கா வச்சுட்டாரு. இத்தனை கிலோமீட்டரா, ஒன்பதால வகு, அவ்வளவுதான் டீசல். எனக்கு மட்டும் இல்ல, மூணு வண்டிக்கும். மத்த ரெண்டு டிரைவரும் என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுவான். "உனக்கு முதுகுல ஒரு தட்டு, எங்களுக்கு வயித்துல அடி"ன்னான் ஒருத்தன். அவனுக்குக் காலு சரியில்ல, அதுக்கு நானா பொறுப்பு? முதலாளி வாற ஆளுகிட்டயெல்லாம் என்னைக் காட்டிச் சொல்லுவாரு, எங்க பெத்துராஜ் வழியில ஒரு சொட்டு டீசல் கேட்டதில்லைன்னு. நான் கேட்டதில்லதான். இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல.

சிலுவைதாசன் வள்ளம் பெருசு. முப்பத்துநாலு அடி. எங்க யார்டுல அதுவரைக்கும் அம்புட்டுப் பெருசு செஞ்சதில்ல. அதுக்குன்னே புதுசா டிரெய்லர் செஞ்சாக, நாலு சக்கரம், ஒரு ஆள் உசரத்துக்கு மேல. அத வண்டியில மாட்டுனப்ப வண்டி குண்டி தரையத் தொட்டுச்சு. நான் பாத்தேன். பாத்ததுமே தெரிஞ்சிருச்சு தம்பி, ஒன்பது கிடைக்காதுன்னு. ஏழு கூடக் கஷ்டம். முதலாளி போன்ல வகுத்தாரு, இருநூத்தம்பது கிலோமீட்டர், ஒன்பது, இருபத்தெட்டு லிட்டர்னாரு. "என்ன பெத்துராஜ், போதும்ல?"ன்னாரு. மத்த ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கான். ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு நிக்கான். நான் என்ன சொல்ல? "தாராளம் முதலாளி"ன்னேன்.

அதுவும் அன்னைக்குன்னு பாத்து கருக்கல்ல கெளம்ப விடல. சிலுவைதாசனும் ரெமியும் வள்ளத்தக் கூட்டிக்கிட்டுப் போக வந்திருந்தாக. சாமியார் வந்து ஜெபம் பண்ணி, எல்லாருக்கும் சாப்பாடு போட்டு முடிய மணி ஒன்பதாயிருச்சு. அவுக ரெண்டு பேரும் முன்னால பஸ்சுல போயிட்டாக, ஊருல ஏற்பாடு பண்ணணும்னு. ஆனி மாசம், ஒன்பது மணிக்குக் கெளம்பி தெக்க பாத்துப் போனா என்ன ஆகும்? தென்மேக்குக் கச்சான் காத்து நேரா மூஞ்சில. தொண்டியில இருந்து ராம்நாடு வரைக்கும் சமாளிச்சேன். ஏர்வாடி தாண்டுனதும் ஆரம்பிச்சுது பாருங்க. தார்ப்பாய் படபடபடன்னு அடிக்குது, வண்டி மூணாவதுல அழுவுது. டீசல் முள்ளு கண்ணு முன்னாடி எறங்குது. இருபத்தோரு வருசத்துல முள்ளு எறங்கி நான் பாத்ததில்ல தம்பி. அது எனக்கு எப்பவும் நகராம நிக்கும். அன்னைக்கு எறங்கிச்சு. வேம்பாரு தாண்டி ஒரு கருவேல வேலிக்காட்டுப் பக்கம் வண்டி இருமிக்கிட்டு நின்னுருச்சு.

பங்க்ல போட்டா என்னன்னு கேக்கீங்க. நல்ல கேள்வி. வண்டியில ஜிபிஎஸ் இருக்கு. எந்த எடத்துல எத்தனை நிமிசம் நின்னேன்னு முதலாளி போன்ல புள்ளி புள்ளியாத் தெரியும். பங்க்ல நின்னேன்னு தெரிஞ்சா? சாயங்காலமே யார்டு பூராவும் பேச்சு. "ஒன்பது அவுந்து போச்சுடா"ன்னு. அந்தச் சிரிச்சவன் மூஞ்சி எனக்கு முன்னாடியே நிக்குது. வேலிக்காட்டுல நின்னா ஒண்ணுக்குப் போக நின்னேன்னு சொல்லிக்கிடலாம்.

அதனால வள்ளத்துத் தொட்டியில இருந்து கொஞ்சம் எடுத்தேன்.

கொஞ்சந்தான். ஒரு பத்து லிட்டர் கேன் வண்டியில எப்பவும் கெடக்கும். ஒரு கேன் எடுத்தேன். வள்ளத்துத் தொட்டி அறுபது லிட்டர். அறுபதுல பத்து என்ன பெரிய இதுவா? போற வழியில எங்கயாவது திருப்பி ஊத்திருவோம்னு நெனச்சுத்தான் எடுத்தேன். சத்தியமா.

ஆனா ஒண்ணு இருக்கு. அவுக பக்கத்துல ஒரு வழக்கம். புது வள்ளத்துக்கு முதல் எண்ணெய் யார்டுக்காரன் ஊத்தணும், தொட்டி நெறைய. ஊத்தி, மூடியத் திருகி, குருத்தோலை ஞாயித்துக்கெழம கோயில்ல குடுத்த ஓலை இருக்குல்ல, அதுல ஒரு கீத்து எடுத்து மூடியச் சுத்தி முடிச்சுப் போட்டுருவாக. வள்ளம் முதல் கடலுக்குப் போயி மீனோட திரும்பி வார வரைக்கும் அத அவுக்க மாட்டாக. உள்ள கம்பு விட்டு அளக்க மாட்டாக. மேல வேற எண்ணெய் ஊத்த மாட்டாக. அளந்தா குடுத்தவன நம்பலன்னு ஆயிருமாம். பொறந்த வீட்டுல இருந்து வந்த சீர எண்ணிப் பாக்குற மாதிரின்னு சிலுவைதாசனே எங்கிட்ட சொன்னாரு. நான் அந்த ஓலையத் தொடல தம்பி. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க, ஓலையத் தொடல. அடியில கசடு எறக்க ஒரு வடிகுழாய் இருக்கு. அதுல புடிச்சேன்.

வெளங்குதா உங்களுக்கு? எடுக்க வழி இருந்துச்சு. திருப்பி ஊத்த வழி இல்ல. அது வேலிக்காட்டுல கேன் நெறைஞ்ச பெறகுதான் எனக்கு ஓடுச்சு. கேனத் தூக்கிக்கிட்டு நிக்கேன், மேல ஏறி மூடியப் பாக்கேன், ஓலை முடிச்சு அப்படியே இருக்கு. அவுத்தா திரும்ப அதே மாதிரிக் கட்ட எனக்குத் தெரியாது. சரி போன்னு வண்டியில ஊத்திட்டேன்.

அந்தப் பத்து லிட்டர் தூத்துக்குடி போய்ச் சேர்றதுக்குள்ள தீந்துருச்சு. என்ன பண்ணச் சொல்லுதீங்க? நடு ரோட்டுல முப்பத்துநாலு அடி வள்ளத்த விட்டுட்டு ஓடவா முடியும்? இன்னொரு கேன் எடுத்தேன். ரெண்டு. நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டேதான் எடுத்தேன். முதல் கடலுக்குப் போறவன் தூரமாப் போவானா? கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரியிற தூரத்துல வலையப் போட்டு, நாலு மீனப் புடிச்சு, மாதாவுக்கு ஒண்ணு எடுத்து வச்சுட்டு, மத்தியானத்துக்குள்ள வந்துருவான். நான் எறக்குன ஊருல எல்லாம் அப்படித்தான் பாத்திருக்கேன். ஒரு மணி நேரம் போக, ஒரு மணி நேரம் வர, எட்டு லிட்டர் போதும். மிச்சம் எம்புட்டு இருந்தா என்ன?

அவரு தூரமாப் போவாருன்னு நான் கனவா கண்டேன்?

கரையில வந்து பாத்திருக்கணும் நீங்க. ஊரே நிக்குது. வேட்டு போடுதாக, வண்டிக்கு மாலை, எனக்கு ஒரு மாலை. சிலுவைதாசன் சம்சாரம் பிரகாசி ஒரு தட்டுல மீனும் சோறும் கொண்டு வந்து வச்சு, பக்கத்துலயே உக்காந்து, "அண்ணே, இன்னும் கொஞ்சம் வைக்கேன்"ன்னு வச்சுக்கிட்டே இருக்கு. பத்து வருசமா அடுத்தவன் வள்ளத்துல கூலிக்குப் போன மனுசன் தம்பி அந்தச் சிலுவைதாசன். முதல் சொந்த வள்ளம். பிரகாசி அழுதுக்கிட்டே சிரிக்குது. நான் வாயத் தெறந்து சொல்லிருவோமான்னு நெனச்சேன். நெசமாவே நெனச்சேன். சோத்த வாயில வச்சுக்கிட்டு எப்படிச் சொல்ல? அப்பப் பாத்து சிலுவைதாசன் வந்து தோளுல கையப் போட்டு, "உங்க முதலாளி போன்ல சொன்னாரு, வழியில ஒரு சொட்டு கூடக் கேக்காம வந்துட்டீகளாமே"ன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லுதாரு. கைதட்டுதாக. அதுக்குப் பெறகு எப்படி?

இன்னொரு வழக்கமும் இருக்கு. திரும்பிப் போறதுக்கு வண்டிக்கு டீசல் படகுக்காரன் போடணும். அவரு எனக்குத் தொட்டி நெறையப் போட்டாரு. நெறைய. வெறும் டிரெய்லர இழுத்துக்கிட்டு, காத்து முதுகுல தள்ள, ஜம்முன்னு திரும்பி வந்தேன். பன்னெண்டு குடுத்துச்சு லிட்டருக்கு. மறைக்காம சொல்லுதேன், எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு.

தண்ணி இருக்கா? ஒரு மடக்கு குடுங்க. ம்.

திங்கக்கெழம ராத்திரி போன் வந்துச்சு. பிரகாசிதான். "அண்ணே, இன்னும் வரல"ன்னுச்சு. என்னம்மா, பக்கத்துலதான போனாருன்னேன். இல்லண்ணே, காத்து ஓஞ்சிருக்கு, சூரை மீன் ஓடுதுன்னு கேள்விப்பட்டு வெளிப்பாருக்குப் போயிட்டாகன்னுச்சு. பார்னா கடலுக்குள்ள பாறைத் திட்டு, மீன் மேயிற எடம். வெளிப்பாரு ஆறு மணி நேர ஓட்டமாம். புது வள்ளத்துல வயர்லெஸ் கூட இன்னும் மாட்டல. அந்தப் புள்ள கேக்குது: "அண்ணே, உங்களுக்குத்தான் கணக்கெல்லாம் சுத்தமாத் தெரியும். யார்டுல எம்புட்டு ஊத்துனாக, எத்தனை மணி நேரம் ஓடும், சொல்லுங்கண்ணே. தேடிப் போறவுக கேக்காக."

நான் சொன்னேன், அறுபதுன்னு. மணிக்கு நாலு, பதினஞ்சு மணி நேரம் தாராளமா ஓடும்மா, பயப்படாதன்னு சொன்னேன்.

பாக்காதீங்க தம்பி அப்படி. ராத்திரி ஒம்போது மணிக்கு ஒரு பொம்பளப் புள்ள அழுதுக்கிட்டுக் கேட்டா யாருக்கானாலும் தைரியம் சொல்லத்தான் தோணும். தைரியம் சொன்னேன்.

அத வச்சுத்தான் தேடுதாக. சிலுவைதாசன் அண்ணன் கஸ்பார், எட்டு வள்ளத்தோட போயிருக்காரு. வெளிப்பாருல அன்னைக்கு நின்ன ஆளுக யாரும் இவுகளப் பாக்கலையாம். அப்ப என்ன அர்த்தம்? எண்ணெய்தான் நெறைய இருக்கே, மீன் வெரட்டிக்கிட்டுப் பாரத் தாண்டிப் போயிருப்பான், அங்க எஞ்சின் கோளாறாயிருக்கும்னு அவுக நெனச்சு, பாருக்கு அங்கிட்டு அங்கிட்டுன்னு போய்க்கிட்டே இருக்காக. நேத்து மத்தியானம் வரைக்கும் பிரகாசி பதினோரு தடவ கூப்பிட்டுச்சு. பெறகு நான் போன அணைச்சுட்டேன்.

பழனியில மொட்ட போடுதேன்னு நேந்திருக்கேன் தம்பி. படியேறியே போகணும், விஞ்சுல போகக்கூடாதுன்னும் நெனச்சிருக்கேன். மதுரைக்கு வந்தேன், அங்க இருந்து இந்த வண்டி. முருகன் பாத்துக்கிடுவான். அவுக மாதா கும்பிடுறவக, அதனால என்ன, நேந்தது நான்தானே. மொட்ட போட்டு எறங்குறப்ப நல்ல சேதி வரும்னு என் மனசுல ஒண்ணு சொல்லிக்கிட்டே இருக்கு.

என்ன? சத்தமாச் சொல்லுங்க, காதுல விழல.

அதான் சொன்னேனே, ரெண்டு கேன்.

சரி. மூணு. திருச்செந்தூர் தாண்டி ஒரு ஓடைப் பாலத்துக்கிட்ட நிப்பாட்டி எடுத்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும்? ஓ, இருபத்தெட்டு லிட்டர் வேம்பாரு வரைக்கும்தான் வந்துச்சுன்னா மிச்ச தூரத்துக்கு எம்புட்டு வேணும்னு நீங்க வகுத்துப் பாத்துட்டீங்களா. படிச்ச புள்ள. மூணுதான். நாலேகால் கிடைச்சிருக்கு லிட்டருக்கு. நாலேகால்! என் வாயால இத முதல் தடவ இப்பத்தான் சொல்லுதேன். வீட்டுக்காரிகிட்ட கூடச் சொல்லல. கேவலம்.

என்ன போன நீட்டுதீங்க? வேண்டாம் தம்பி. மொட்ட போட்டுட்டுப் பேசிக்கிடுதேன். நான் இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது, ரெண்டு நாளாயிருச்சு.

குடிக்கத் தண்ணி கொண்டு போயிருப்பாகளான்னு கேக்கீங்க. ஒரு குடம். ஒரு நாளைக்குள்ளது.

எனக்குப் பயமா இருக்கு தம்பி. வெளிப்படையாச் சொல்லுதேன். அவுக அடிப்பாகன்னு பயமில்ல. அந்தப் புள்ள "அண்ணே"ன்னு கூப்பிடும்ல, அதுக்குத்தான் பயமா இருக்கு.

குடுங்க. டெலிவரிச் சீட்டு பையிலதான் இருக்கு, அதுல கஸ்பார் நம்பர் இருக்கு. இன்னைக்குக் காலையில டீசல் போடக் கரைக்கு வருவாருன்னு நேத்தே பிரகாசி சொல்லிச்சு, இப்பக் கரையிலதான் நிப்பாரு. நீங்களே அமுக்குங்க. மணி அடிக்குது. அடிக்குது.

ஹலோ. கஸ்பார் அண்ணாச்சியா? யார்டுல இருந்து பேசுதேன். ஆமா, யார்டுல இருந்துதான். அண்ணாச்சி, ஒரு சின்னத் தப்பு நடந்துருச்சு. தொட்டியில அறுபது ஊத்தல. பையன் கவனிக்காம முப்பதுதான் ஊத்தியிருக்கான். ஆமா, முப்பது. இப்பத்தான் தெரிஞ்சுது. ஏழரை மணி நேரம் அண்ணாச்சி. ஏழரை. அதுக்கு மேல ஓடியிருக்காது. சரி. சரி அண்ணாச்சி. வைக்கேன்.

அப்பாடா. சொல்லிட்டேன் தம்பி. திட்டவே இல்ல அந்த மனுசன். ஒரு வார்த்த திட்டல. "ஏழரையா, ஏழரையா"ன்னு ரெண்டு தடவ கேட்டுட்டு, பக்கத்துல யாருகிட்டயோ கத்துதாரு: "ஏல, ஆறு மணி நேரத்துல பாருக்குப் போயிட்டான், திரும்பி வாறப்ப ஒன்றரை மணி நேரத்துல நின்னிருக்கான், அங்க இருந்து நீரோட்டம் எங்க தள்ளும்னு பாருங்கல"ன்னு. எல்லாரும் ஓடுற சத்தம் கேட்டுச்சு. எஞ்சின் ஸ்டார்ட் ஆகுது. எட்டு வள்ளமும் கெளம்புது.

யார்டு மேல பழியப் போட்டது தப்புதான். அது பெறகு பாத்துக்கிடலாம். கடல்ல கெடக்க அந்த ரெண்டு பேருக்கு எண்ணிக்க முக்கியமா, யாரு எடுத்தாங்கிறது முக்கியமா? எண்ணிக்கதானே? எண்ணிக்கையச் சொல்லிட்டேன். சொல்லிட்டேன்ல?

கண்டக்டர் என்ன ஊரு சொல்லுதாரு? செம்பட்டியா. இன்னும் தூரம் இருக்கு.

கஸ்பார் அண்ணாச்சி சொன்னது காதுலயே நிக்குது தம்பி.

ஆறு மணி நேரத்துல பாருக்குப் போயிட்டான்னு சொல்லுதாரு. ஆனா பாருல யாருமே பாக்கலையே. எட்டு வள்ளமும் இப்ப திரும்பி வார வழியத் தேடப் போகுது. போனாத்தானே திரும்பி வார வழி.

தம்பி, மூணு கேன்ல நான் ஊருக்குப் போய்ச் சேந்துட்டேன். சேந்துட்டேன்னா, ஊருக்கு முன்னாடி ஒரு பனங்காடு, அங்க வந்துட்டேன், கோயில் கோபுரம் தெரியுது, வேட்டுச் சத்தம் கேக்குது. மிச்சம் ரெண்டு கிலோமீட்டர். முள்ளு செவப்புல கெடக்கு, ஆனா ஓடிரும். எனக்குத் தெரியும் ஓடிரும்னு. அப்ப முதலாளி போன் பண்ணுனாரு. "பெத்துராஜ், போய்ச் சேந்ததும் முள்ள ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. இங்க ரெண்டு பேரு பெரிய டிரெய்லர்ல உன்னால முடியாதுன்னு பேசிக்கிட்டு இருக்கான், அவனுக மூஞ்சில காட்டணும்"ன்னாரு. செவப்புல கெடக்க முள்ள எப்படி போட்டோ எடுக்க?

அந்தக் கடைசிக் கேன ஓட்டத்துக்காக எடுக்கல. போட்டோவுக்காக எடுத்தேன். கால் தொட்டி காட்டுச்சு. அழகா வந்துச்சு போட்டோ. யார்டுல அத எல்லாருக்கும் அனுப்பியிருக்காரு. இன்னும் என் போன்ல இருக்கு.

இருபதுதான் தம்பி இருந்துச்சு. மணிக்கு நாலு. அஞ்சு மணி நேரம். அந்த மனுசன் பாருக்குப் போய்ச் சேரவே இல்ல. இன்னும் ஒரு மணி நேரம் இருக்குறப்பவே நின்னுட்டாரு. அவரு நின்ன எடமும் தப்பு, நேரமும் தப்பு, அத வச்சு நீரோட்டம் பாத்துத் தேடப் போயிருக்காக. நான்தான் அனுப்பினேன், இப்ப, உங்க முன்னாடி.

போனக் குடுங்க. அதே நம்பர். இல்ல, நானே அமுக்குதேன். கண்டக்டர்ட்ட சொல்லி வண்டிய ஓரமா நிப்பாட்டச் சொல்லுங்க, இந்த டிரைவர் பாவி மூணாவது கியர்ல கத்த விடுறதுல கஸ்பாருக்கு ஒண்ணும் கேக்காது. கரைய விட்டுக் கொஞ்ச தூரம் போனா போன் கிடைக்காது தம்பி, சீக்கிரம். அடிக்குது. எடுங்க அண்ணாச்சி. எடுங்க, எடுங்க.

அண்ணாச்சி. யார்டு இல்ல. நான் பெத்துராஜ். டிரைவரு பெத்துராஜ். பையன் இல்ல, நான்தான் எடுத்தேன். வள்ளத்தத் திருப்புங்க. நாலு கேன் அண்ணாச்சி. நாலு.